அங்க அடையாளம்

மார்ச் 9, சனி

மச்சத்தை எடுத்தாயிற்று. ஒரு புடவை எடுக்க யோசிப்பதில் பாதிகூட யோசிக்கவில்லை.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை சூபின். நாம் முடி வெட்டப் போவதுபோல மச்சம் எடுக்கப் போகிறவள். கொரியாவில் இது ஒரு விஷயமே இல்லை. இந்த டேஜான் ஊரில் வீதிக்கு வீதி தோல் ஆஸ்பத்திரி. துணைக்கு வா என்றாள், போனேன். அவளுக்கு முடித்த கையோடு டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, இதையும் எடுத்துவிடலாமே என்றார். நானும் படுத்துவிட்டேன். முடி கருகும் வாடை வந்தது. அவ்வளவுதான்.

கீழுதட்டுக்குக் கீழே, நாடியில், இடது பக்கம் இருந்தது. மிளகில் பாதி இருக்கும், மேடாக. பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்கு அங்க அடையாளம் எழுதிய நாளில் மற்ற பிள்ளைகள் எல்லாம் முழங்கை, கழுத்து என்று மச்சம் தேடிக்கொண்டு நிற்க, டீச்சர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்து எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அந்தச் சான்றிதழ்படி இனி நான் நானில்லை.

ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது: துண்டில் மாட்டியது, வளர்ந்துகொண்டே வந்தது. இரண்டும் உண்மைதான். இனிமேல் கண்ணாடியைப் பார்த்துப் பல் தேய்க்கலாம். கொஞ்ச நாளாகச் சுவரைப் பார்த்துத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். தோசை மாவு புளிக்கவே இல்லை, ஹீட்டர் மேல் வைத்தும். இந்தக் குளிர் எப்போது போய்த் தொலையுமோ.

சாயங்காலம் வீட்டுக்குப் போன். கோவில்பட்டியில் அப்போது மத்தியானம், வேனில் தூங்கப் போகும் நேரம். அவளுக்கு இரண்டரை வயது. ஒன்றரையில் விட்டுவிட்டு வந்தேன். வேனிலின் அப்பா பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போய்விடுவார்; பகலெல்லாம் பிள்ளை மதினியிடம்தான். ராமலெட்சுமி மதினி இவருக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் தம்பி வீட்டோடு வந்து இருந்துவிட்டவர். பிள்ளை இல்லை.

போனை எடுத்ததும் வேனில் முதல் வேலையாகத் திரையில் என் நாடியின் மேல் விரலை வைப்பாள். பால் குடிக்கிற காலத்துப் பழக்கம். வாய் ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, கை மேலே வந்து மச்சத்தைத் தேடிப் பிடித்து ஒற்றை விரலால் அமுக்கிக்கொள்ளும். அது கிடைத்தால்தான் தூக்கம். அவளுக்கு அது ‘புள்ளி’. இன்றைக்கு அந்த இடத்தில் மருந்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, “அம்மா ஊவா” என்று சொல்லித் திரையை ஊதினாள். எச்சில் தெறித்து எனக்கு முகம் மங்கலாகத் தெரிந்தது.

இவர் கேட்டதற்குப் பரு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஒட்டுத்துண்டை எடுத்தாயிற்று. அந்த இடம் இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கிறது. சூபின் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வேனில் விரலைக் கொண்டுவந்து திரையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “புள்ளி எங்க?” காக்கா தூக்கிட்டுப் போயிட்டு என்றேன். போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடினாள். கொஞ்ச நேரம் எனக்கு உத்தரமும் மின்விசிறியும்தான் தெரிந்தன. அப்புறம் அவள் அத்தையிடம் போய்விட்டாள்.

கட்டிய புருஷன் இத்தனை நேரம் பேசினார், ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. நெட்வொர்க் சரியில்லையா, முகம் ஒரு மாதிரி இருக்கே என்றார். நல்ல ஆள்.

மார்ச் 31, ஞாயிறு

வேனில் தூங்குகிறாளாம். பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். பால்பாயசம் வைத்துச் சூபினுக்கு ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். மாம்பழம் கிடைத்தது, ருசியில்லை.

பட்டுப்பாவாடை கட்டி, தலையில் பூ வைத்து, மதினி மடியில் வேனிலை உட்கார வைத்துப் போனைக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வணக்கம் சொல்லு என்று மதினி அவள் கையைப் பிடித்துக் கூப்பினார். பிள்ளை கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடைக்காரியைப் பார்க்கிற பார்வை.

“அது அம்மா இல்ல” என்றாள்.

மதினி பதறிப்போய், “ஏட்டி, என்ன பேச்சு பேசுத, அம்மாதாம்ட்டீ” என்று அவள் முகத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்ப அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். இவர் சிரித்துச் சமாளித்தார். அப்போதுதான் மதினி என் முகத்தை உற்றுப் பார்த்து மச்சம் எங்கே என்று கேட்டார். எடுத்துட்டேன் மதினி என்றேன். “அய்யோ செண்பா” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவருக்குக் கோபம் வருவதே அபூர்வம். இன்றைக்கு வந்தது. என்னைக் கேட்காவிட்டால் போகிறது, பிள்ளை அதைப் பிடித்துத்தானே தூங்கும், உனக்குத் தெரியாதா என்றார். தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அது நன்றாகத் தெரியும்.

பாயசத்தைச் சூபின் வீட்டில் கொடுத்துவிட்டு, மீதியைக் கொட்டினேன்.

ஏப்ரல் 22, திங்கள்

புதுக் கலவையில் செய்த பேட்டரிகள் எல்லாம் ஊற்றிக்கொண்டன. பேராசிரியர் முகம் சரியில்லை. என் ஒப்பந்தம் பிப்ரவரி வரை.

மே 5, ஞாயிறு

இங்கே இன்று குழந்தைகள் தினம். பூங்கா முழுக்கப் பலூன். தெரியாமல் அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போய்விட்டேன்.

வேனில் இப்போது போனுக்கு வருகிறாள், ஆனால் யாரோ மாதிரி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இன்று மதினி எடுத்தார். திரையில் அவர் முகம் வந்தது. மதினி நாடியில், கீழுதட்டுக்குக் கீழே, கறுப்பாக ஒரு புள்ளி.

ரெக்கார்டு நோட்டு அட்டையில் எழுத இவர் வைத்திருக்கும் மார்க்கரை எடுத்து வேனில்தான் வைத்துவிட்டாளாம். மதினி சிரித்துக்கொண்டே சொன்னார். “குளிச்சா கொஞ்சம் போயிருது. மறுநா பேனாவ எடுத்துட்டு வந்து நிக்கா. சவம், வச்சுட்டுப் போட்டும்னு காட்டிருதேன். அதப் பிடிச்சாத்தான் கண்ண மூடுதா செண்பா, நா என்ன செய்ய?”

நல்லதுதான் மதினி, பிள்ளை தூங்கட்டும் என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது. அப்புறம் வேனில் வந்து அத்தை மடியில் ஏறி, என்னைப் பார்க்காமலே அந்தப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டாள். கண் சொருகியது. நான் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. எழுதிவிடுகிறேன், இதில் எழுதாமல் வேறு எங்கே எழுத. சோறு ஊட்டுகிறவர், கால் கழுவி விடுகிறவர், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் அவர். அவர் மேல் எனக்கு வயிறு எரிகிறது.

மே 6, திங்கள்

விடுமுறை. நாள் முழுக்க ஒரே வேலை: மச்சம் இருக்கிற என் போட்டோவைத் தேடினேன். அதைத் திரும்ப வைத்துக்கொள்ளப் போகிறேன். இங்கே பெண்கள் முகத்தில் பொய் மச்சம் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்று சூபின் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு மாடியில் எடுக்கிறார்கள், அடுத்த மாடியில் வைக்கிறார்கள். நல்ல ஊர்.

ஆனால் போட்டோ கிடைக்க வேண்டுமே. இங்கே வாங்கிய போன் தானாகவே முகத்தை வெளுத்துத் துடைத்து வைத்துவிடுகிறது. நான் எடுக்குமுன்னே அது எடுத்துவிட்டது. ஊரில் எடுத்த படங்களில் எல்லாம் பிள்ளைதான், எடுத்தவள் நான். சரி, கல்யாண ஆல்பத்தை அனுப்புங்கள் என்று இவரைக் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் ‘டச்சப்’ என்ற பெயரில் மச்சத்தோடு கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் சேர்த்து அழித்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் தாள் கசங்கினதுபோல ஒரு நிழல், அவ்வளவுதான்.

கடைசியில் இவரையே கேட்டேன், எந்த இடத்தில் இருந்தது, ஞாபகமாகச் சொல்லுங்கள் என்று. வலது பக்கம் என்றார். போனை வைத்துவிட்டேன்.

மே 18, சனி

சூபின் விலாசம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பெயர்ப் பலகை கிடையாது. டாக்டர் அல்லாதவர்கள் பச்சை குத்துவது இங்கே சட்டப்படி சரியில்லையாம். ஆனாலும் ஊரே குத்திக்கொள்கிறது. படியேறிப் போனேன். இளம் பையன், கழுத்து வரை பூவும் மீனும். என் முகத்தைப் பார்த்தான், தன் மைக் குப்பிகளைப் பார்த்தான், போனில் தட்டித் தமிழில் மாற்றிக் காட்டினான்: உங்கள் நிறத்தில் புள்ளி தெரியாது, என்னிடம் அதற்கான மை இல்லை, மன்னிக்கவும்.

குனிந்து மரியாதையாகத்தான் சொன்னான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து மூன்று வருஷம் இந்தத் தோலில்தான் தெரிந்தது தம்பி என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

வரும் வழியில் முட்டைக்கோஸ் வாங்கினேன்.

ஜூன் 1, சனி

இன்னொரு இடம். மிரான் என்று ஐம்பது வயதுக்காரி. அவளுடைய அடுக்குமாடி வீட்டிலேயே ஓர் அறை. பெரும்பாலும் மார்க்கெட்டுப் பெண்களுக்குப் புருவம் குத்திவிடுகிறவள். என் நாடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தோல் இன்னும் ஆறவில்லை, மாதக் கடைசியில் வா என்றாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகக் கேட்டதற்கு, காபிப் பொடியும் கரியும் போல இரண்டு மையைக் கலந்து என் மணிக்கட்டின் உள்பக்கம் தடவிப் பார்த்து, இது, என்று குப்பியில் குறித்து வைத்தாள்.

மேடாக வருமா என்று கேட்டேன். வராது, புள்ளிதான் வரும் என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. வேனில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுகிறவள். தடவினால் ஒன்றும் தட்டுப்படாதே.

ஜூன் 9, ஞாயிறு

மதினி முகத்தில் புள்ளி பெரிதாகியிருக்கிறது. வேனிலுக்குக் கை பழகிவிட்டதாம்.

ஜூன் 22, சனி

குத்திக்கொண்டேன்.

மிரான் மாதிரிப் படம் கேட்டாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். மதினி நாடியில் புள்ளி, அதன் மேல் பாதி மூடியபடி வேனிலின் விரல். மிரான் பெரிதாக்கிப் பார்த்தாள். உன் அக்காவா என்றாள். என் பிள்ளையை வளர்க்கிறவர் என்றேன். அந்தப் புள்ளி நிஜமா என்றாள். இல்லை, என்னுடையதைப் பார்த்து என் பிள்ளை அவருக்கு வைத்தது என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

அப்படியானால் உன்னுடையதை ஏன் எடுத்தாய் என்று கேட்டாள்.

துண்டில் மாட்டியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. காலையில் கண்ணாடியில் அதைப் பார்த்தால் அங்கே விரல் இல்லாதது தெரியும், ஒவ்வொரு நாளும் முதலில் அதுதான் தெரியும், தாங்க முடியவில்லை, எடுத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன், என்றேன். பாதி தமிழில் சொன்னேன் போலிருக்கிறது. மிரான் ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊசியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் என்னைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை தொடுகிற இடத்தை நீயே தொடு என்றாள். தொட்டேன். அவள் பேனாவால் குறித்தாள். எழுந்து படத்தோடு ஒத்துப் பார்த்தால், வேனில் வைத்திருந்தது என் விரல் பட்ட இடத்துக்கு ஒரு நூல் கீழே. இரண்டில் எது என்றாள் மிரான். பிள்ளை வைத்த இடம் என்றேன்.

எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

பொருக்கு உதிர்ந்துவிட்டது. நிறம் பரவாயில்லை. தொட்டால் வெறும் தோல்.

இவர் பார்த்துவிட்டு, மச்சம் திரும்ப முளைத்துவிட்டதா என்றார். முளைக்கும், உரம் போட்டேன் என்றேன்.

வேனில் திரையில் என்னைப் பார்த்தாள். திரும்பி அத்தையைப் பார்த்தாள். “ரெண்டு புள்ளி” என்றாள். அவ்வளவுதான். விரல் வைக்கவில்லை. மதினிதான், “பாத்தியா, அம்மா புள்ளி வந்துட்டு பாரு” என்று நாலைந்து தடவை சொன்னார். அவர் குரல் அவ்வளவு உற்சாகமாக நான் கேட்டதே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

விடுப்பு கிடைத்தது. ஆகஸ்ட் முழுக்கத் தர மாட்டார்கள், மூன்று வாரம். மிரானிடம் சொல்லப் போனேன். குழந்தைக்கு என்று காலுறை கொடுத்தாள், முயல் படம் போட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். மதுரை விமான நிலையத்திற்கு இவர் மட்டும் வந்திருந்தார். பிள்ளைக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லையாம். வழியெல்லாம் நான் நாடியைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

வாசலில் மதினி நின்றார், அவர் சேலைக்குப் பின்னால் வேனில். வளர்ந்துவிட்டாள். போனில் தெரியாத ஒன்று, அவளுக்கு முழங்காலில் ஒரு தழும்பு. எப்போது விழுந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வா என்று கையை நீட்டினேன். சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வரட்டும், வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மதினி நாடியில் புள்ளி இல்லை. அந்த இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது. என்ன மதினி இது என்றால், வேனல் கட்டி என்றார்.

மத்தியானம் வேனில் தூங்குவதற்கு அத்தையிடம்தான் போனாள். கையை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். மதினி பக்கத்து அறையில் இருந்த என்னை நோக்கி அவளைத் தள்ளித் தள்ளி விட்டுப் பார்த்தார். அவள் தரையில் படுத்து உதைத்தாள். அழுது அழுது அப்படியே தூங்கினாள். என்னிடம் வரவில்லை. ஊருக்கே வராமல் இருந்திருக்கலாம் நான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முயல் காலுறை பிடித்திருக்கிறது. என்னைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுத்தேன், அத்தை புள்ளி எங்கே போச்சு என்று. “அத்த தேங்கா நாருல தேச்சுட்டா. ரத்தம் வந்துச்சு” என்றாள். எப்போ என்றேன். “நீ வர்றேன்னு” என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கூடத்தில் வெறுந்தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்திருந்தேன். கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. கொலுசு சத்தம் வந்தது, நின்றது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் என் நாடியில் ஈரமாக ஒரு விரல். எச்சில் தொட்டு வைத்திருக்கிறாள். தேய்த்தாள். நின்று பார்த்தாள். மறுபடி எச்சில் தொட்டு, நகம் பட, பலமாகத் தேய்த்தாள். எரிந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை, மூச்சுகூட விடவில்லை.

“அத்தே” என்று கத்தினாள். “இது போவ மாட்டுக்கு.”

மதினி அடுப்படியிலிருந்து வந்தது தெரிந்தது. “போவாதுட்டீ. அது உங்க அம்ம புள்ளில்லா” என்றார்.

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் படுத்தாள். விரல் நாடியிலேயே இருந்தது, ஈரம் காய்கிற வரைக்கும், காய்ந்த பிறகும். மேடு இல்லை என்று அவள் தேடவில்லை. அல்லது தேடினாள், விட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் தூங்கிய பிறகு கண்ணைத் திறந்தேன். மதினி நிலைப்படியில் நின்று, உரிந்த தன் நாடியைச் சேலை நுனியால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். நான் பார்த்ததும் அடுப்பில் பால் இருக்கு என்று உள்ளே போய்விட்டார். கரண்ட் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும், சரிதான். ஆனால் இன்றைக்குப் பால் வாங்கவே இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

வேனில் இந்த வாரம் முழுக்க என்னிடம்தான். சாப்பாடு, குளியல், தூக்கம். நான் சந்தோஷமாக இருக்கிறேன். மதினி முற்றத்தைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கூட்டுகிறார். குப்பையே இல்லாத முற்றம்.

பிப்ரவரிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று இவர் கேட்டார். நான் எண்ணவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 31, சனி

மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பெட்டியைக் கட்டி முடித்ததும் வேனிலுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றாள். இவர் அவளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் இவருடைய மேசையில் மார்க்கரைத் தேடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மதினி எனக்கு வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தார். என் கையில் பேனாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பின்னால் நகர்ந்தார்.

“வேண்டாம் செண்பா. இனிமே அவ உன்னயத்தான் நெனைக்கணும். நா சமாளிச்சுக்கிடுதேன்” என்றார்.

“அவ தூங்கணும் மதினி” என்றேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்தார். அடுப்பை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நாடியை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். தோல் ஆறிவிட்டிருந்தது. மதினியை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. வேனிலுக்கு இருப்பதுபோலவே அவருக்கும் மேலுதட்டில் ஒரு சின்னச் சுழிப்பு இருக்கிறது, குடும்ப ஜாடை போலிருக்கிறது.

“கோணலா வச்சுராத தாயி, அவ கண்டுபிடிச்சிருவா” என்றார், கண்ணைத் திறக்காமல்.

வைத்தேன். பிள்ளை வைத்த இடத்தில், சரியாக. வைத்துவிட்டு அப்படியே அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். அவர் மேலெல்லாம் தாளித்த கடுகு வாசம்.

வேனில் கையில் மிட்டாயோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். முதலில் என் நாடியில் விரலை வைத்தாள், அப்புறம் அத்தை நாடியில். அத்தை இடுப்பில் ஏறிக்கொண்டாள். கார் தெரு திரும்புகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

மத்தியானம் தூங்கிட்டா என்று நேற்று மதினி செய்தி அனுப்பியிருக்கிறார். இன்று காலையில்தான் பார்த்தேன், பல் தேய்த்துக்கொண்டே. கண்ணாடி முன்னால் நின்றுதான் தேய்த்தேன்.